தாய் சொன்னபடி, பெரிய வியாழன்

"பிறந்த தேதி: 27.03.1974. தாய் சொன்னபடி, பெரிய வியாழன். ஞானஸ்நானம்: 19.01.1975."

கோடு போட்ட அரைத்தாள். நீல மை. கீழே "மூலப் பதிவைப் பார்த்து எழுதியது" என்ற வரியும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயில் உபதேசியாரின் கையொப்பமும் 06.06.1999 என்ற தேதியும் உள்ளன. பத்து ஆண்டுகளாக இந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். என்னுடைய பிறப்பைப் பற்றி முதன்முதலில் எழுதப்பட்ட வரியின் பிரதி இது. இதிலுள்ள தேதி பிழையானது.

இப்போது 2009. பாடசாலை விட்டு, ஹட்டன் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் நின்றபடி வந்து, அறைக்குள் நுழைந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன். பாடக்குறிப்பு, பரீட்சைத் தாள், வலயக் கல்விக் கந்தோர் அதிகாரிகள் கேட்கும் படிவங்கள், பிறகு மறுபடியும் அதே படிவங்கள். முப்பத்தைந்து வயதில் இவ்வளவு களைப்பு இருக்கக் கூடாதுதான். இதற்கிடையில் எங்கள் தோட்டத்துக் கோயிலின் வரலாற்றை எழுதுவதாக யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டு, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாதிரியாரான பங்குச் சுவாமியிடம் இரவல் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் உபதேசியாரின் கை. அந்தக் கையை நினைக்கும்போது கூடவே நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற கல்லூரியில் இருந்த யாழ்ப்பாணத்து அலுவலக மிஸ்ஸும் நினைவுக்கு வருகிறார். அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

உபதேசியார் என்றதும் வெள்ளை அங்கி போட்ட ஒருவரை நினைக்க வேண்டாம். திம்புள்ளைப் பக்கத்து எங்கள் தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்ல வரும்போதும் புருவத்தில் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். சுவாமியார் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பதும், சாவுக்குச் செபிப்பதும், பிறந்த பிள்ளைகளின் விவரம் எழுதுவதும் இவர் பொறுப்பு. பதிவேட்டை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தேதியை எழுதினாலும் அதை யார் சொன்னார்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுவார். 'தாய் சொன்னபடி', 'டிஸ்பென்சரித் துண்டுப்படி', 'பாட்டன் சொன்னது, நிச்சயமில்லை'. வேறு எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் இப்படி நான் பார்த்ததில்லை.

என் பிறப்பு அரசாங்கப் பதிவில் ஏறவில்லை. அப்பா இன்று போகிறேன் நாளை போகிறேன் என்று இருந்துவிட்டார். 1999இல் ஆசிரியப் பயிற்சிக்கான கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. அதற்குள் நான் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதி, தோட்டத்துப் பாலர் வகுப்பில் சம்பளமில்லாமல் நான்கு வருடம் பாடம் சொல்லியிருந்தேன். அந்த முறை 1974 ஏப்ரல் முதலாம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு இடமில்லை. பிந்திய பிறப்புப் பதிவுக்கும் விண்ணப்பத்துக்கும் ஞானஸ்நானச் சான்றுதான் ஆதாரம். சான்றில் மார்ச் 27. ஐந்து நாள் மூத்தவளாகிவிட்டேன். அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை. அந்தக் கதவு மூடினால் அம்மாவின் கொழுந்துக் கூடைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் அம்மாவும் நானும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் உபதேசியாரின் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனோம். வெற்றுத் தாள் மேசையில் இருந்தது. பேனா அவர் கையில் இருந்தது. ஏப்ரலில் ஏதாவது ஒரு தேதி போடுங்கள் என்று கேட்டேன்.

"அஞ்சு நாளுதான்னு நீ சொல்ற பாப்பா. அஞ்சு நாளோ அஞ்சு வருசமோ, பொஸ்தகத்துல இல்லாத தேதிய நா எழுத மாட்டேன்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க பொஸ்தகத்துல எழுதுறீங்களா, கல்லறையில வெட்டுறீங்களா? புள்ளைக்கு ஒரு வாரம் கூட்டிப் போட்டா ஆண்டவரு கோவிச்சுக்குவாராக்கும்?"

"ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு. கந்தோரு கோவிச்சுக்கும்." பேனாவை மூடிக் கீழே வைத்தார். "இந்தப் பொஸ்தகத்தக் காட்டித்தான் நம்ம லயத்துல முக்காவாசிப் பேரு ஐடென்டி கார்டு எடுத்திருக்காங்க. குடியுரிமைப் பதிவுக்கு அலைஞ்சவங்களும் இதத்தான் காட்டுனாங்க. ஒண்ண மாத்துனது தெரிஞ்சா அத்தனையும் பொய்யின்னுருவாங்க. ஒனக்காக அவ்வளவு பேரையும் நா எப்புடி மாட்டிவிட…"

"நா என்னத்தக் கண்டேன்" என்றார் அம்மா. "பெரிய வியாழன்னு சொன்னேன். தேதி நீங்கதான போட்டீங்க?"

அந்த வார்த்தையை அன்று மூவருமே கவனிக்கவில்லை. அவர் இந்தத் தாளை எழுதிக் கொடுத்தார். நான் அதைக் கையில் வாங்கவில்லை. அம்மாதான் வாங்கி மடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. நன்மை செய்ய மறுத்தவர் என்றுதான் அவரைப் பற்றி அந்த வாரத்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. கிழிக்கவில்லை.

விண்ணப்ப முடிவு நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, கெஞ்சிப் பார்ப்போம் என்று கல்லூரிக்கே போனேன். விண்ணப்பங்களைப் பார்த்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். குளிருக்கு ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. மேசையில் பாதி குடித்த தேநீர் ஆறிக் கிடந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தியை இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டார். எனக்கும் அதுதான் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இதை எழுதினவர் ஆர்?"

சொன்னேன். ஸ்டோரில் வேலை செய்கிறவர் என்பதையும் சொன்னேன், கொஞ்சம் இளக்காரமாக.

"ஆர் சொன்னது எண்டும் எழுதியிருக்கிறார். இப்பிடி எழுதிற ஆளை நம்பலாம்." பிறகு, "பெரிய வியாழன் மார்ச்சிலயோ வந்தது அந்த வருசம்? பொறும்" என்று கைப்பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட பழைய செபப்புத்தகம் ஒன்றை எடுத்தார். முன்பக்கங்களில் ஒரு நீண்ட அட்டவணை இருந்தது. ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு தள்ளித் தள்ளி வருவதால், எந்த வருடம் எந்தத் தேதி என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். "நாங்கள் வேற சபை. எண்டாலும் ஈஸ்டர் ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தான்" என்றபடி விரலை ஓட்டினார்.

1974இல் ஈஸ்டர் ஏப்ரல் 14. அதற்கு முந்திய வியாழனான பெரிய வியாழன் ஏப்ரல் 11. அடுத்த வரியில், 1975இல் ஈஸ்டர் மார்ச் 30. பெரிய வியாழன் மார்ச் 27.

"உமக்கு ஞானஸ்நானம் நடந்தது எழுபத்தஞ்சு ஜனவரியில. விளங்குதே? மனிசன் சுவரில தொங்கின புதுக் கலண்டரைப் பாத்து எழுதியிருக்கிறார்."

எனக்கு அழுகை வந்தது. மிஸ் அதைப் பார்க்காதவர் போலப் புத்தகத்தை மூடினார். "அழாதையும். நான் இதில கை வைக்கேலாது. எழுதினவரே திருத்தவேணும், சுவாமியார் ஒப்பம் வைக்கவேணும். அந்தச் சான்றோட வாரும், பிறப்புப் பதிவு பிந்தி வந்தாலும் காரியமில்லை, நான் கேட்டு வைக்கிறன்." அட்டவணையை ஒரு துண்டில் எழுதித் தந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கட வீட்டில ஒரு கடதாசி மிஞ்சேல்ல. இடம்பெயரேக்க இந்தப் புத்தகம் மட்டும் பையுக்குள்ள கிடந்தது. என்ர காணி உறுதியும் இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை. உமக்கெண்டாலும் கிடைக்கட்டும்."

ஞானத்தாய் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரட்டும் என்று அம்மா ஒன்பது மாதம் காத்திருந்ததால் வந்த வினை இது. சுவாமியாரின் முந்திய வருகையிலேயே ஞானஸ்நானம் நடந்திருந்தால் சுவரில் 1974 கலண்டர் தொங்கியிருக்கும்.

அன்று மாலையே உபதேசியாரிடம் போனேன். துண்டைப் படித்தார். பிஸ்கட் தகரத்தைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். பழைய கலண்டர் தாள்களால்தான் அவர் அதற்கு உறை போடுவார். ஒருவேளை அந்த வருடத்துத் தாளாக இருக்குமோ என்று உறையைக் கழற்றிப் பார்த்தார். 1974தான். ஆனால் நவம்பர் மாதம். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் சிரிக்கவில்லை.

"பதினஞ்சு நாளு ஒன்ன மூத்தவளாக்கி வச்சிருந்திருக்கேன்" என்றார். "புதுக் கலண்டர் வந்த சந்தோசத்துல பாத்து எழுதியிருக்கேன் பாரு."

அவர் எதையும் அழிக்கவில்லை. சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினார்: "பிழை. மறு வருடக் கலண்டர் பார்த்து எழுதியது. சரியானது 11.04.1974. பிழை என்னுடையது." அன்றைய தேதியும் கையொப்பமும் போட்டார். மறுநாள் வேலைக்குப் போகாமல் பதிவேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பேருந்தேறி, பங்குச் சுவாமியிடம் ஒப்பம் வாங்கி, புதிய சான்றோடு வந்தார். என் விண்ணப்பம் கடைசி நாளில் மிஸ்ஸின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இடம் கிடைத்தது.

எனக்கு அதோடு முடிந்தது. அவருக்கு முடியவில்லை. தாய்மார் திருநாளை வைத்துத் தேதி சொன்ன பிள்ளைகளில் மறு வருடத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார் என்று பதிவேட்டைத் துருவி ஒரு பட்டியல் எழுதினார். என்னைத் தவிர ஏழு பேர். மிஸ்ஸின் அட்டவணையை வைத்துத் தேதிகளை அங்கேயே மாற்றியிருக்கலாம். தாயிடமோ பிள்ளையிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்றார். மூட்டு வலியோடு, விடுமுறை நாட்களில், ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனார். ஒரு தடவை, 2001 டிசம்பர் விடுமுறையில், நானும் கந்தப்பளைக்கு அவரோடு போனேன். அங்கே மரக்கறிக் கடையில், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"அய்யா, நா பொறந்த நாளே கொண்டாடுறதில்ல. எந்தத் தேதியா இருந்தா என்னா?"

"நீ கொண்டாடாட்டிப் போ. எழுதுனது நான்ல?"

கடையிலிருந்தவர் ஒரு கோவாவை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். திரும்பும்போது பேருந்தில் இடமில்லை. உபதேசியார் அந்தக் கோவாவை நெஞ்சோடு அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இப்போது நான் அதே வழித்தடத்தில் நிற்கும்போது, அவர் அன்று எவ்வளவு களைத்திருப்பார் என்று தெரிகிறது. அன்று எனக்கு அது தெரியவில்லை. உட்காருங்கள் என்று யாரிடமாவது ஓர் இடம் கேட்டு வாங்கித் தந்திருக்கலாம். கேட்கவில்லை.

மிஸ் 2002இல் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். வருடத்துக்கு ஒரு ஈஸ்டர் வாழ்த்து அனுப்புவார், அந்த வருடத்துத் தேதியை அடிக்கோடிட்டு. போரில் யாழ்ப்பாணப் பாதை மூடிய பிறகு வாழ்த்து வரவில்லை. உபதேசியார் 2006இல் இறந்தார். பட்டியலில் ஆறு பேருக்கு நேரே சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.

ஏழாவது, எனக்கு ஞானஸ்நானம் நடந்த அதே நாளில் அதே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண் குழந்தை. "30.03.1974. தாய் சொன்னபடி, ஈஸ்டர் ஞாயிறு" என்று எழுதியிருக்கிறது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அந்தக் குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. கோத்தகிரிப் பக்கம் என்றார்கள். உபதேசியார் அங்கே மூன்று கடிதம் போட்டார். நான் இரண்டு போட்டேன். ஒன்று திரும்பி வந்தது.

பிளாஸ்டிக் உறையிலிருந்து இந்தத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்க்கிறேன். மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. பக்கத்தில் பதிவேடு திறந்து கிடக்கிறது. என் பெயருக்கு நேரே சிவப்பு வரி. அதற்கு அடுத்த பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும். அட்டவணைப்படி அந்த வருடத்து ஈஸ்டர் ஏப்ரல் 14 என்று எனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவும் மேசையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே பிரதியிலும் இப்படியே எழுதுகிறேன்: 30.03.1974, தாய் சொன்னபடி, ஈஸ்டர் ஞாயிறு. 14.04.1974 ஆக இருக்கலாம். இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.