அம்மா வழிச் சொந்தம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாருக்கும் படிப்புப் பட்டம் இருந்தது. அவளுக்குப் பட்டப்பெயர் மட்டும்தான். ஏழுதண்ணி அக்கா.

பதினெட்டு வருஷமாக அவள் பார்த்தது ஒரே வேலை. கண்ணாடி கழுவுவது. குடுவையும் சோதனைக் குழாயும் மூக்கு வைத்த ஜாடியும் காலையிலிருந்து தட்டுத் தட்டாக வந்து இறங்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் ஏழு தடவை அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, சூட்டுப்பெட்டியில் கவிழ்த்து வைக்க வேண்டும். அவள் சேர்ந்த அன்றைக்கே, கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா ஒன்று சொல்லி வைத்தார்.

"கண்ணுக்குச் சுத்தமா தெரியறது வேற, நம்ம வேலைக்குச் சுத்தம் வேற. ஏழு தண்ணி விடணும். ஆறு விட்டா அது அழுக்குதான்."

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். எண்ணிக்கொண்டே கழுவினால் நடுவில் தப்பிவிடும் என்று பயம். அதற்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்ன வயசிலிருந்து தினமும் சொல்லுகிற பிரார்த்தனை ஒன்று இருந்தது, ஆறே வரி. மகள் பிறந்த வருஷம் ஏழாவதாக ஒரு வரியைத் தானே சேர்த்திருந்தாள்: 'என் பிள்ளையைப் பார்த்துக்கோ.' வரிக்கு ஒரு தண்ணீர். பிரார்த்தனை முடிந்தால் அலசலும் முடிந்தது. நடுவில் யார் கூப்பிட்டாலும் அக்கா திரும்ப மாட்டாள், உதடு மட்டும் அசையும். கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ஆளைப் பார்த்துத் திரும்புவது மரியாதை இல்லை என்று அவள் நினைப்பு.

அங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆய்வாளர் தம்பி. தம்பி என்று பேர்தானே தவிர, முன்மண்டையில் முடி கொட்டி, கல்யாணம் ஆகி, நாலு வருஷமாக ஒரே சோதனையோடு மல்லுக்கட்டுகிற ஆள்.

"நம்ம உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அடுப்பு இருக்கு அக்கா. சாப்பாட்டையும் மூச்சுக்காத்தையும் சேர்த்து எரிக்குது. அதுல வர சக்தியிலதான் கை அசையுது, கண்ணு தொறக்குது. அடுப்புன்னா கொஞ்சம் புகை வரும்ல? அதை உடம்பே துடைச்சுக்கும். அடுப்பு கோணிப்போச்சுன்னா சக்தி கம்மி, புகை ஜாஸ்தி. அந்தப் புகையே அடுப்பை அரிச்சுரும். அப்புறம் மனுஷன் உள்ளுக்குள்ளயே தேய ஆரம்பிச்சுருவான்."

"அந்த அடுப்புக்குப் பேரு?"

"மைட்டோகாண்ட்ரியா."

"மைத்துனி காண்டிரியாவா?"

தம்பி சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. "மைத்துனி இல்லக்கா, அம்மா வழிச் சொந்தம். நிஜமாத்தான் சொல்றேன். அப்பாகிட்டருந்து இது வராது. உங்களுக்கு இருக்கறது உங்கம்மா குடுத்தது. உங்க பொண்ணுக்கு இருக்கறது நீங்க குடுத்தது."

"சொத்துன்னு அவளுக்கு நான் ஒண்ணும் குடுக்கல. இதையாவது குடுத்தேனே," என்றாள் அக்கா.

அன்றிலிருந்து கூடம் முழுக்க அதற்கு மைத்துனி என்றே பேர் ஆகிவிட்டது. "இன்னைக்கு மைத்துனி எப்படி இருக்காங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

இந்த வருஷம் புதிதாக ஒரு சோதனை தொடங்கினார்கள். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஆறு பேரின் ரத்தம் வேண்டியிருந்தது. கூடத்தில் வேலை செய்கிறவர்களையே கேட்டார்கள். நாலாவது ஆளாக அக்கா கையை நீட்டினாள். குழாய்களில் பேர் எழுதவில்லை, எண் மட்டும்தான்; தன் குழாயில் நாலு என்று எழுதியதை அக்கா பார்த்தாள். யார் எந்த எண் என்கிற பட்டியல் டாக்டரம்மாவின் அலமாரியில் பூட்டி இருந்தது.

ரத்தம் எடுக்கும் முன் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். உடம்புக்கு ஏதாவது உண்டா? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது நாள்பட்ட நோய்? அக்கா கொஞ்சம் யோசித்தாள். அவள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, நாற்பது வயசுக்கு மேல் காது சுத்தமாகக் கேட்காமல் போனது. வயசானால் வருவதுதானே அதெல்லாம். இல்லை என்றே சொன்னாள்.

கண்ணைப் பற்றி அவளுக்கு ஞாபகமே வரவில்லை. அது அவர்கள் வீட்டில் நோய் இல்லை, கேலி. அம்மாவுக்கு இமை பாதிக்கண் மறைக்கத் தொங்கும். அக்காவுக்கும் முப்பத்தைந்துக்கு மேல் இறங்கத் தொடங்கியது. மகளுக்கு இப்போது இருபத்தாறுதான், அதற்குள் எட்டிப்பார்க்கிறது. அக்காவின் கணவர் உயிரோடு இருந்தவரை, "தூங்குமூஞ்சிக் குடும்பத்துல பொண்ணெடுத்தேன், முழிச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான்" என்பார். வீடே சிரிக்கும்.

ரத்தம் கொடுத்த ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின், தம்பி கழுவுமிடத்துக்கு வந்து நின்றார். எப்போதும் வாசலிலேயே மைத்துனியை நலம் விசாரிக்கிறவர் இன்றைக்கு விசாரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ரத்தம் எடுக்கறதுக்கு முந்தின சனிக்கிழமை தொட்டியில பிளீச்சிங் போட்டீங்கல்ல?"

"மாசம் ஒருக்கா போடச் சொல்லியிருக்காங்களே தம்பி."

"அது ஒரு சொட்டு குழாய்ல தங்கியிருந்தாலும் போதும், நல்ல ரத்தத்துலகூடப் புகை காட்டும். நல்ல ரத்தம் ஆறுல அஞ்சு ஒழுங்கா இருக்கு. ஒண்ணு மட்டும் படு மோசம். நோயாளி ரத்தத்தைவிட மோசம்."

"எந்த எண்ணு?"

"நாலு."

அக்காவின் கையில் இருந்த குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. எத்தனாவது தண்ணீர் என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

தம்பி அவள் முகத்தைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டார். "பயப்படாதீங்க. உங்களைத் திட்ட வரல. சரியா அலசலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாலைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒருத்தர்கிட்ட எடுத்துக்கறோம். டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கறேன். யாருக்குத்தான் கை தவறாது?"

"நாளைக்குச் சொல்றேன் தம்பி," என்றாள்.

அவள் வீடு மூன்றாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. மாடிக்குப் பதினெட்டாக ஐம்பத்து நாலு படி. அன்று சாயங்காலம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகல் எடுக்கும் கடையில் வேலை, அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஐந்து மாசக் கர்ப்பம். மாப்பிள்ளை லாரியோடு போனால் வர இருபது நாள் ஆகும்.

"என்னடி, இங்கயே குடித்தனம் வெச்சுட்டியா?"

"உன் பேரன் கனக்கறான்மா. ரெண்டு மாடி தூக்குறான், மூணாவதுக்கு முரண்டு பண்றான்."

மாசமாக இருக்கிறவளுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். நேற்றுவரை அக்கா அப்படித்தான் நினைத்திருந்தாள். இன்றைக்கு அவள் கண்ணில் பட்டது வேறு. மகள் பேசும்போது முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். ஒரு வருஷமாகவே அப்படித்தான். 'எதிர்ல நிக்கறவங்களை என்னடி திமிரா பாக்கற' என்று அக்காவே எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறாள். இமைக்குக் கீழே இருக்கிற கொஞ்ச இடைவெளியில் உலகத்தைப் பார்க்கத்தான் அந்தத் தலை நிமிர்ந்தது என்று அந்தப் படியில் நிற்கும்போது அவளுக்கு உறைத்தது. அந்த அடுப்புச் சக்தியில்தான் கண்ணு திறக்குது என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது.

படுத்தபின் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சரியாக அலசவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலாம் குழாய் குப்பைக்குப் போகும். வீட்டில் இமை தொங்குவது பழையபடி கேலியாகவே இருக்கும். மகள் நிம்மதியாகப் பிள்ளை பெறுவாள். கெட்ட பேர் தனக்குத்தானே, வந்துவிட்டுப் போகட்டும். கடவுளே, தப்பு என் கையில்தான் என்று ஆக்கிவிடு என்றுகூட வேண்டினாள். தன்மேல் குற்றம் சுமத்தச் சொல்லி அவள் வேண்டியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தொட்டிக்குப் பிளீச்சிங் போட்டது கண்ணாடியெல்லாம் சூட்டுப்பெட்டிக்குப் போன பிறகு. ஒவ்வொரு குழாயும் ஏழு வரியும் கேட்டுத்தான் பெட்டிக்குள் போனது. அலசவில்லை என்று சொன்னால், ஏழாவது வரியைச் சொல்லவில்லை என்று ஆகும். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று வேண்டவே இல்லை என்று, அதைக் காதால் கேட்ட கடவுள் முன்னாலேயே சாதிப்பது எப்படி?

மறுநாள் அவள் தம்பியிடம் போகவில்லை. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"ஏழு தண்ணியும் விட்டேன் அம்மா. மூணு தண்ணியும் விட்டேன். நாலாம் நம்பர் என் ரத்தம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவளை இத்தனை வருஷமும் பார்த்திராதது போலப் பார்த்தார். முகத்தையோ, தொங்குகிற இமையையோ, எதை என்று தெரியவில்லை.

"எதுக்கும் மறுபடி எடுத்துப் பார்த்துடலாம். இந்தத் தடவை பிளாஸ்டிக் குழாய். பாக்கெட்ல வர்றது, யார் கையும் படாதது."

நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அக்கா கண்ணாடி கழுவினாள். தம்பி வந்து போனார். யாரும் மைத்துனியை நலம் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி அக்கா பார்த்ததில்லை.

"அதே மாதிரிதான் வந்திருக்கு," என்றார். "ரத்தத்தை வெச்சு மட்டும் முடிவு சொல்ல மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில இன்னும் ரெண்டு பரிசோதனை பண்ணணும். உங்கம்மாவுக்குக் காது எப்படி?"

"கேக்காது."

"சர்க்கரை?"

"இருந்துச்சு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பேனா நிற்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள். நின்றது.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. மாசமா இருக்கா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அவளுக்கு இருந்தே தீரும்னு இல்ல. இருந்தாலும் எவ்வளவுன்னு இப்ப யாராலும் சொல்ல முடியாது. ஆனா பிரசவத்துக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். மயக்க மருந்து குடுக்கறவங்களுக்குத் தெரியணும், இதயத்தைப் பாக்கணும், சர்க்கரையைப் பாக்கணும். நீங்க தண்ணி சரியா விடலன்னு சொல்லியிருந்தா, அந்தக் குழாயை நான் தூக்கிப் போட்டிருப்பேன்." எழுதிய தாளைக் கோப்பில் வைத்தார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

அன்றைக்குச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அக்கா படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், அதே இடத்தில், மகள் உட்கார்ந்திருந்தாள். அவளும் இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு படி கீழே, மகளின் காலடியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"டாக்டரம்மா உன்னை நாளைக்குப் பாக்கணும்னாங்க."

"என்னை எதுக்கு?"

"என்கிட்டருந்து உனக்கு என்னென்ன வந்திருக்குன்னு பாக்க."

மகள் சிரித்தாள். "இந்தத் தூங்குமூஞ்சிதான் வந்திருக்கு. அதுக்கு டாக்டர் வேறயா?" சிரித்துக்கொண்டே முகவாயைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பார்த்தபடியே சிரிப்பு மெதுவாக நின்றது. கீழே உட்கார்ந்திருந்த அம்மாவும் அதே போல முகவாயைத் தூக்கித்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னன்னு சொல்லு."

"மேல போய்ச் சொல்றேன். கையைக் குடு."

மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். படிக்கு ஒரு வரியாக உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். ஏழாவது படியில் 'என் பிள்ளையை' என்று வந்ததும் கூடவே 'அவள் பிள்ளையையும்' என்று வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது. பதினெட்டில் இன்னும் பதினோரு படி மிச்சம்.

ஒன்பதாவது படியில் மகள் மறுபடியும் நின்றுவிட்டாள். திருப்பத்தில் உட்காருவாளே தவிர, நடுப்படியில் இதுவரை அவள் நின்றதே இல்லை.