பரிபூரணம் சொல்லித்தரும் சீனா மூச்சு

"முந்தானைய எடுட்டி!"

பரிபூரணம் போட்ட சத்தத்தில் கண்மாய்க்குள் நின்ற கொக்கு எழுந்து பறந்தது. கரைமேல் வரிசையாக நின்ற ஒன்பது பெண்களும் மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள். காலை ஏழு மணி. ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள். மூச்சை இழுக்கச் சொன்னால் இவர்கள் கை தானாக முந்தானையைத் தேடிப் போய் மூக்கைப் பொத்தும். நூல் சுற்றும் பிரிவில் பஞ்சுத் தூசிக்குள் வருடக்கணக்காக நின்ற பழக்கம்.

"இங்க என்ன பஞ்சா பறக்கு? வேப்பமரத்துக் காத்துட்டி. இழுங்க!"

அவள் சொல்லித்தருவது சீகுங் என்கிற சீனத்து மூச்சுப் பயிற்சி. ஊரில் அதற்குப் பெயர் 'சீனா மூச்சு'. கால்கள் தோளகலம் விலகி நிற்கவேண்டும். முழங்கால் விறைக்கக் கூடாது. "பஸ்ஸுல கம்பியப் பிடிக்காம நிக்கையில முட்டு எளகி நிக்குமில்ல, அம்புட்டுத்தான்." நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். மூச்சு தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வரை இறங்கும், தோள் ஏறக்கூடாது. கைகள் ஒரு பெரிய பறங்கிக்காயை அணைத்திருப்பதுபோல் வயிற்றுக்கு முன்னால் வளைந்திருக்கும். அப்படியே பத்து நிமிஷம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் வேறு பாடம் கிடையாது. இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் இருக்கிறதாமே என்று யாராவது கேட்டால் முகம் சுளிப்பாள். "தத்துவத்த நீங்க வச்சுக்கிடுங்க. எனக்குச் சளி எறங்குச்சு."

சளி இறங்கியது 1982-ல், பினாங்கில். அதே மில்லில் சம்பளமில்லா லீவு போட்டு அக்காவின் பிரசவத்துக்குப் போனவள், அடுத்த வீட்டுச் சீனத்தி காலையில் மரத்தடியில் நிற்பதைப் பார்த்துத் தானும் போய் நின்றாள். ஒருத்தி பேச்சு மற்றவளுக்கு விளங்காது. தோளை அமுக்கி, முழங்காலைத் தட்டித்தான் பாடம் நடந்தது. ஏழு மாதத்தில் இருமல் நின்றது. ஊர் திரும்பிப் பழைய பிரிவிலேயே வேலைக்குப் போனாள். பத்தே நாளில் இருமலும் திரும்பியது. அன்று பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

"மூச்சு தொப்புளுக்குப் போகுதோ என்னவோ, கோவம் உச்சிக்குப் போகுது" என்பார் கணவர் ராஜரத்தினம்.

"உள்ள போனது வெளிய வரணும்ல? வருது."

மூச்சை அடக்குவது பற்றியும் ஆளுவது பற்றியும் அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். காற்று நல்ல காற்று என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். குருவம்மாளுக்கு அந்தச் சலுகை இல்லை. பரிபூரணத்துக்குப் பக்கத்து மிஷினில் நிற்பவள் அவள். இந்தக் கண்மாய்க் கரையை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்து ஏறுகிறாள். கம்பெனி டாக்டர் அவளுடைய சீட்டில் 'பரம்பரை ஆஸ்துமா' என்று எழுதினார். அவள் பரம்பரையில் யாருக்கும் இருமல்கூடக் கிடையாது. தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியின் மோட்டார் எரிந்து, கம்பிச்சுருள் மாற்றக் கழற்றிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. நாற்பது பெண்கள் கையெழுத்துப் போட்டுப் புகார் அனுப்பினார்கள்.

விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும், அதற்கு முந்தின வியாழக்கிழமை தொழிலாளர் நல அதிகாரி வைகுண்டராஜ் பரிபூரணத்தைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். பதினெட்டு வருடத்தில் முதல் நாற்காலி.

"ஒங்க சீனா மூச்ச நம்ம மில்லுலயே சொல்லிக் குடுங்கம்மா. வேலை நேரத்துலயே நடத்துங்க, சம்பளம் பிடிக்க மாட்டோம்."

ஒரு கணம் அவளுக்கு மனம் குளிர்ந்தது உண்மை. பிறகு அவர் நீட்டிய தாளைப் படித்தாள். பயிற்சியால் இருமல் நீங்கிவிட்டது, தொழிலாளர்களுக்குக் குறை ஏதுமில்லை என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே அவள் பெயர்.

"விசிறி, சார்?"

"அதுவும் வரும்மா, பொறவு பாக்கலாம். இவ்வளவு நல்ல மருந்து கையில இருக்கையில விசிறி எதுக்கு?"

"அப்ப ஒரு கிளாஸ் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். நீங்களும் வாங்க."

பிரிவுக்குள் மிஷின்களை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள், கடைசியில் குருவம்மாள். கால் தோளகலம். முட்டு இளகியது. கைகள் பறங்கிக்காயை அணைத்தன. வைகுண்டராஜ் தாளும் பேனாவுமாக வாசலருகே நின்றுகொண்டார். பரிபூரணம் அவரிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "மூச்ச நல்லா உள்ள இழுங்க."

அத்தனை கைகளும் முந்தானையோடு மூக்குக்குப் போயின. குருவம்மாள் திடுக்கிட்டு, திட்டு விழும் என்று கையைக் கீழே இறக்கினாள்.

பரிபூரணம் கத்தவில்லை. திரும்பி வைகுண்டராஜைப் பார்த்தாள். அவர் உள்ளே வந்ததிலிருந்தே கைக்குட்டை அவர் மூக்கில் இருந்தது.

"பொத்திக்கோட்டி, குருவு" என்றாள்.

பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் செருகினாள். பிறகு, பதினோரு வருடமாக எல்லார் கையையும் தட்டிவிட்டவள், தன் முந்தானையை இழுத்துத் தன் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.