அவன் வெளிக்கிடும் இடம்

எங்கள் வீட்டில் எல்லோரும் வாசித்த நாவல் ஒன்றே ஒன்றுதான். கடலோரத்து இளைஞன் ஒருவன் ஒரு பறவையின் பேச்சை நம்பி, அரக்கன் காவலிருக்கும் மலைக்கு வெளிக்கிட்டுப் போய்த் திரும்பும் கதை. பழைய மொழிபெயர்ப்பு. இன்று என் மகளும் அதையேதான் கைபேசியில் வாசிக்கிறாள். அந்தக் கதை ஏன் இன்னும் சாகவில்லை என்று யாராவது கேட்டால், அவன் வீடு திரும்புகிறானே, அதனால்தான் என்று அடித்துச் சொல்வேன். பிறந்த வீட்டை விட்டுப் போன ஆணுக்கு வேறென்ன தோன்றும்?

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கல்முனையில் நாங்கள் பிறந்த வீட்டை வாப்பா என் மூத்தவள் ராத்தாவுக்குச் சீதனமாக எழுதினார். நான் கலியாணம் முடித்து, அட்டாளைச்சேனையில் மனைவியின் வீட்டுக்குப் போனேன். ராத்தா கொடுத்து வைத்தவள் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் பொருமியிருக்கிறேன்.

இப்போது மச்சான் மவுத்தாகி ராத்தா இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடுதான். போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். கட்டிலில் அந்தப் பழைய புத்தகம் கிடந்தது. முன்பக்கங்கள் பழந்துணி போல நைந்திருந்தன. பின்பாதி கடையில் வாங்கியபடியே விறைப்பாக இருந்தது. பாதியில் தூங்கிப்போகிற பழக்கம் இன்னும் போகவில்லையா என்று சீண்டினேன்.

ராத்தா சிரிக்கவில்லை.

“அவன் வெளிக்கிடுற இடத்தோட நிப்பாட்டிருவன் தம்பி. திரும்பி வாறதெல்லாம் எனக்கென்னத்துக்கு? நான் போகவே இல்லையே.”

கலியாணத்துக்கு முன்பு மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த வருஷம்தான் வீட்டுக்குப் புது ஓடு போட்டார்கள். வீடு தயாரென்றால் மாப்பிள்ளை காத்திருப்பாரா? பெட்டி கட்ட வேண்டியவள் கைக்கு மருதோன்றி போட்டாள். ஓடு தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று எனக்கு ஒரே குஷி.

பஸ்ஸில் திரும்பும்போது மகளின் நினைவு வந்தது. என் மகளுக்கும் இப்போது தூரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கென்று கட்டும் வீட்டில் சுவர் எழும்பிவிட்டது. கூரை போட்டதும் மாப்பிள்ளை கேட்டுப் போகலாம் என்று நானும் மனைவியும் கதைத்து வைத்திருந்தோம். இறங்கியதும் முதல் வேலையாக மேசனைக் கைபேசியில் அழைத்தேன். கூரையை இப்போதைக்கு விடுங்கள், பிள்ளை படித்துவிட்டு வரட்டும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், மேசனிடம் சொன்ன இத்தனை சின்னக் கதை. ராத்தாவுக்காக அன்று அதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.