சிவப்புச் சாயம் பூசாத பாராசூட்

கைலாசபுரத்துக் கொதிகலன் தொழிற்சாலையில் என் வேலை, மற்றவர்கள் செய்ததைக் குறை சொல்வது. கௌரவமாகச் சொன்னால் தரப் பரிசோதனை. என்னைப் பார்த்தாலே வெல்டிங் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டீ குடிக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நான் விட்டுவிடும் ஒரு விரிசலால் எங்கோ ஒரு மின்நிலையத்தில் முகம் தெரியாத ஒருவர் வெந்து போவார். அவருக்காக இங்கே கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. தேறாத துண்டின் மேல் சிவப்புச் சாயம் அடித்து, கம்பி வலை போட்ட ஓர் அறையில் பூட்டி வைப்போம். அதைத் தூக்கி எறியவும் கூடாது, ஒட்டுப்போட்டுத் திரும்ப வேலைக்கு எடுக்கவும் கூடாது. ஏன் உடைந்தது என்று தெரிகிறவரை அது அங்கேயே கிடக்கும். அந்த அறையின் சாவி உற்பத்தி செய்கிறவர்கள் யாரிடமும் இருக்காது. பெரிய அதிகாரியே வந்து நயமாகக் கேட்டாலும் கொடுக்க மாட்டோம்.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு பிளாட் வாங்கினோம். லிஃப்ட் உள்ள கட்டடம் தண்டச் செலவு என்று நான் முணுமுணுத்தேன். முழங்கால் வலிக்காக என் மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். இன்று அந்த லிஃப்டில் அதிகம் ஏறி இறங்குவது எங்கள் மகனின் சக்கர நாற்காலி.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தவன், ஜீயபுரம் தாண்டி விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் மையம் ஒன்று சில வருஷமாக நடக்கிறது, போகிறேன் என்றான். கையோடு அவர்களுடைய போட்டோ ஒன்றையும் போனில் காட்டினான். பூஜைக்காகப் பாராசூட்டுகளை எல்லாம் துவைத்து, காவிரி மணலில் வெயிலில் விரித்திருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்கவே அழகாக இருந்தது. பைகளுக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம்.

“எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாருங்க,” என்றாள் என் மனைவி. அவளுக்கு அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

மறுநாள் நாங்களும் கூடவே போனோம். அவள் தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். மையத்தின் முதலாளி நாற்பது வயது மதிக்கத்தக்கவர், வெளிநாட்டில் குதித்துப் பழகியவராம். தானே நாற்காலி தூக்கிவந்து போட்டு உபசரித்தார். நல்ல மனிதர்தான். அதுதான் இதில் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

தொழில் புத்தி போகுமா? கேட்டேன். “உங்க சாமான எல்லாம் யாருங்க இன்ஸ்பெக்‌ஷன் பண்றது?”

“நாங்களேதான் சார். ஒவ்வொண்ணையும் என் கையாலயே பார்ப்பேன்.”

“அது சரிங்க. உங்களுக்கு மேல யாரு? தேசிய அளவுல ஏதாவது சங்கம், அதுல மெம்பர், அந்த மாதிரி?”

“கட்டாயம் ஒண்ணும் இல்ல சார். சேர்றவங்க சேரலாம். சேர்ந்தா மட்டும் என்ன, காத்து மாறி வீசப் போகுதா?” என்று சிரித்தார்.

“அப்பா, மானத்த வாங்காதீங்க,” என்று மகன் என் காதில் சொன்னான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பயிற்சியாளர் ஒருவர் அவனைத் தன் உடம்போடு முன்பக்கம் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தார். பாராசூட் விரிந்தது. என் மனைவி கைகூப்பி, “ரங்கா, ரங்கா” என்று சத்தமாகச் சொன்னாள். தரைக்குச் சற்று மேலே, இறங்குவதற்காகத் திரும்பினார்கள். அப்போது துணியின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. இரண்டாவது பாராசூட்டை விரிக்கிற உயரம் இல்லை. சுற்றிக்கொண்டே வந்து வாழைக்கொல்லை வரப்பில் விழுந்தார்கள். முன்னால் இருந்தவன் என் மகன். பயிற்சியாளருக்குக் கால் எலும்பு முறிந்தது. இவனுக்கு முதுகுத்தண்டு.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது. என் மனைவி, “வராதுன்னா எப்ப வரும்?” என்று கேட்டாள். டாக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். நஷ்டஈடு கேட்கவில்லை. யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. அந்தக் கிழிந்த பாராசூட்டை எடுத்துத் தனியாகப் பூட்டி வையுங்கள், ஏன் கிழிந்தது என்று தெரிந்தவர் ஒருவர் பார்க்கட்டும், அதுவரை அது மேலே போகக் கூடாது. இதைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளைத்தான் தேடினேன். போலீஸ் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக் கொடுத்தேன். அது ஊர் சுற்றிவிட்டு, எங்கள் வரம்பில் வராது என்று திரும்பியது. விமானத்துக்குச் சான்றிதழ் இருந்தது. பைலட்டுக்கு லைசென்ஸ் இருந்தது. நிலத்துக்குப் பட்டா இருந்தது. விமானத்தை விட்டு என் மகன் கால் எடுத்ததிலிருந்து வரப்பில் விழுகிறவரை, அந்த இடைவெளிக்குத்தான் நாதியில்லை.

ஒரு கொதிகலன் குழாயை நாலு பேர் பார்த்து, நாலு முத்திரை குத்திய பிறகுதான் லாரியில் ஏற்றுவோம். மனிதனைக் கட்டித் தொங்கவிடும் துணிக்கு, அதை விற்றுப் பிழைக்கிறவரே பரிசோதகர். ஒரு சங்கம் வேண்டும், அதில் சேர்ந்த மையம்தான் ஆளை விமானத்தில் ஏற்றலாம் என்று சட்டம் வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். வாக்கிங் நண்பர்கள் என்னைக் கண்டால் எதிர்த்தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

என் மனைவி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்தினாள். “சிவப்பு பெயிண்ட், சிவப்பு பெயிண்ட்னு எத்தன நாளைக்கு? அத பூட்டி வச்சா இவன் எழுந்து நடப்பானா?”

நடக்க மாட்டான். அது எனக்குத் தெரியாதா?

மகன் அழுது நான் பார்க்கவில்லை. பெங்களூர் நண்பர்களின் அழைப்புகளை மெல்ல மெல்ல எடுக்காமல் விட்டான். போனில் பாராசூட்டுகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். “அப்பா, அந்தத் துணிய துவைக்கவே கூடாதாம். வெயில் படக் கூடாதாம், இழை இத்துப் போயிடுமாம். அவங்க வருஷா வருஷம் பூஜைக்குத் துவைச்சுக் காயப் போட்டிருக்காங்க.” என் மனைவி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பக்தியோடு, சுத்தமாக, கவனமாக அதைக் கெடுத்திருக்கிறார்கள். தப்பு என்று சொல்ல மேலே ஒருவரும் இல்லாததால், அது அவர்களுக்கு நல்ல பழக்கமாகவே இருந்திருக்கிறது.

இந்த வருஷம் அந்த முதலாளியே வீட்டுக்கு வந்தார், பழத்தட்டோடு. இந்த மாதிரி மையங்களுக்கெல்லாம் தேசியச் சங்கம் ஒன்று ஆரம்பித்துவிட்டார்களாம். தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருச்சியில் திறப்பு விழா. தம்பிதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்றார். என் மகனின் கையைப் பிடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே போங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“வரேங்க,” என்றான் மகன். அவர் போனதும் என்னிடம் சொன்னான். “நீங்க கேட்டது இதத்தானேப்பா? இனிமே பார்க்க ஒரு ஆள் இருக்கும்.” நெடுநாளைக்குப் பிறகு அன்று தானாகவே ஷேவ் செய்துகொண்டான்.

விழா ஒரு ஹோட்டல் மாடியில். நாற்காலியோடு அவனை நாலு பேர் மேடைக்குத் தூக்கினார்கள். விளக்கு எட்டவில்லை என்று அதைக் கீழே இறக்கி வைத்தார்கள். அவன் ஏற்றினான். கைதட்டினார்கள். பிறகு கிளைத் தலைவரை அறிவித்தார்கள். அந்த முதலாளிதான். பரிசோதனைக் குழுவுக்கும் அவரே பொறுப்பு. அனுபவசாலியாம்.

சாப்பாட்டுப் பந்தியில் அவரே எங்களுக்குப் பக்கத்தில் நின்று கவனித்தார். நான் கேட்டேன். “அந்தப் பாராசூட் என்னங்க ஆச்சு?”

“அதா சார்? தூக்கிப் போட மனசு வரல. ஃபாரின் சாமான். நல்ல டெய்லரா பார்த்துத் தைச்சு, துவைச்சு, பூஜை போட்டுட்டோம். இப்ப அருமையா விரியுது. நேத்துகூட ஒரு காலேஜ் பொண்ணு குதிச்சுது.” சாதாரணமாகச் சொன்னார். பெருமையாகக்கூட. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏதாவது கம்ப்ளெயிண்ட்னா தாராளமா சங்கத்துல கொடுங்க சார், அதுக்குத்தானே ஆரம்பிச்சிருக்கோம்,” என்றார்.

அறையும் கட்டியாகிவிட்டது, பூட்டும் மாட்டியாகிவிட்டது. சாவி மட்டும் அவர் இடுப்பில்.

மகன் இலையை மூடிவிட்டான். அவனைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து, நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டினோம். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியது. நாளைக்கே மறுபடி மனுக் கொடுப்பேன், கோர்ட்டுக்குப் போவேன், விடமாட்டேன் என்று நான்தான் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். எதிலும் எனக்கே நம்பிக்கை இல்லை. அவன் விரல் நுனியில் விளக்கு எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது போலிருக்கிறது. சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அப்பா,” என்றான். “விளக்க நான்தானே ஏத்தினேன்.”