அத்தாவும் வந்த குகை

வௌவால் எச்சமும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை… ஞாயிற்றுக்கிழமை குகைக்குள் போய்விட்டு வந்தால், எத்தனை முறை துவைத்தாலும் சுடிதாரை விட்டுப் போகாது. அம்மா அதைத் தனி பக்கெட்டில்தான் ஊற வைப்பார்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய காலம். உழவர்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானும் ரோஸ்லினும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். பிரான்சில் இருந்த அவள் மாமா, ஹெல்மெட்டும் சேறுமாகக் குகைக்குள் ஊர்ந்து போகும் போட்டோ ஒன்றை அனுப்பியிருந்தார். அங்கே இதற்கென்று கிளப்பே இருக்கிறதாம்.

"நம்மளும் ஒண்ணு ஆரம்பிப்போம்டி" என்றாள்.

ஆரம்பித்தோம். சென்டரில் படித்த பெண்கள், அவர்களுடைய தோழிகள்… வேன் பேசுவது, டார்ச்சுக்கு பேட்டரி வாங்குவது, பைக் ஹெல்மெட் இரவல் கேட்பது, வீடு வீடாகப் போய் அம்மாக்களைச் சம்மதிக்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. போகப்போவது செஞ்சி தாண்டி ஒரு குன்று. பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்க, இடையில் குகை.

எல்லார் வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டேன். என் வீட்டில்தான் நடக்கவில்லை.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குப் பாத்திரக் கடை. கடை விட்டால் பள்ளிவாசல், அதை விட்டால் வீடு. "பொம்பளப் புள்ளைங்க பொந்துக்குள்ள பூந்து என்னாம்மா பண்ணப் போறீங்க?" என்றார்.

நான் பேச்சை நிறுத்தினேன். சாப்பாட்டையும் நிறுத்தினேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, போ. ஆனா நானும் வருவேன்."

எனக்கு மானமே போன மாதிரி இருந்தது. டிரைவர் பக்கத்து சீட்டில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் புளிசோறு நிறைந்த பெரிய தூக்குவாளியோடு அத்தா. பெண்கள் எல்லாரும் கடைசி சீட்டுகளில் நெருக்கிக்கொண்டார்கள்.

குகை வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார் என்று நினைத்தேன்… என் பின்னாலேயே தவழ்ந்து வந்துவிட்டார். நடுவில் ஓர் இடுக்கு. ஒருக்களித்துப் படுத்து நெளிந்தால்தான் தாண்டலாம். நான் தாண்டிவிட்டேன். அத்தாவின் வயிறு மாட்டிக்கொண்டது.

"நூரு… முடியலம்மா. முன்னாடியும் போவல, பின்னாடியும் போவல."

அத்தாவின் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. பதறப் பதற மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்க இன்னும் இறுகியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இருட்டில் அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குப் பின்னாலிருந்து ரோஸ்லின், "தூஸ்மான் அங்கிள், தூஸ்மான்" என்றாள். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தா, நம்ம கடையில என்னென்ன பாத்திரம் இருக்கு? சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா…"

"சொல்லுங்க அத்தா."

"பித்தள அண்டா… குண்டான்… இட்லி சட்டி…" பேசப் பேச மூச்சு அடங்கியது.

"இப்ப மூச்ச நல்லா வெளிய உடுங்க."

இழுத்தேன். சட்டைப் பொத்தான் இரண்டு தெறிக்க, வந்துவிட்டார்.

உள்ளே ஓர் அறை அளவு இடம். மேலே விரிசல் வழியாக ஒரு கீற்று வெயில். அத்தா உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்காடி சோறு திங்காம கெடந்த?"

சுற்றிலும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கெடக்கலாம்தான்…" என்றார்.

அந்தப் பக்கமாக வெளியே வர அகலமான வழி ஒன்று இருந்தது. முன்பே வந்து இடம் பார்த்திருந்தும் அதைச் சொல்லாததற்கு ரோஸ்லினுக்கு அத்தாவிடம் நல்ல திட்டு விழுந்தது. திரும்பும்போது வேனில் பாட்டு களைகட்டியது.

அதன் பிறகு அத்தா இல்லாமல் நாங்கள் எங்கும் போனதில்லை. வீடு வீடாகப் போகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். "நான் கூடப் போறேன்ல, அனுப்புங்க" என்பார். அனுப்பினார்கள்.

இப்போது ரோஸ்லின் பிரான்சில். நான் இங்கேயே, உழவர்கரைக்குப் பக்கத்தில் கதிர்காமத்தில். அத்தா இல்லை. லைட் வைத்த ஹெல்மெட் போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. வாட்ஸப் குரூப்பில் யாராவது "போலாமா?" என்று கேட்கிறார்கள், எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள்… வேன் பேசத்தான் ஆளில்லை. நானும் பேசவில்லை.

போன மாதம் என் மகள் காலேஜ் தோழிகளோடு மலை ஏறக் கிளம்பினாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

"புளிசோறு கட்டித் தரவா?"

"வேணாம்மா, வழியில வாங்கிக்கிறோம்."

ஷூ மாட்டினாள். 'நீயும் வரியாம்மா' என்று கேட்பாளோ என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன்…

வண்டி வந்தது. கையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.