நட்சத்திரமிட்ட நாட்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரில், ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி இருக்கிறது. ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் முடிந்து, ராசிபலனுக்கும் கீழே, மிகச் சிறிய எழுத்தில். அந்த வரிகளில் பெரும்பாலானவை நான் எழுதியவை. வீட்டுக்கு வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் புகழ்வது என் சித்தி மகள் எழுதியவற்றை.

வேலை முதலில் என்னிடம்தான் வந்தது. பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். ஒரு டியூஷன் சென்டர் தன் மாணவர்களின் வீடுகளுக்குக் கொடுக்க அவரிடம் காலண்டர் கேட்டிருந்தது. பொன்மொழி வேண்டாம், அறிவியலிலும் கணிதத்திலும் அந்தந்த நாளில் நடந்ததை ஒரு வரியில் போட வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். தமிழ் முதுகலை படிக்கிற பெண் பிழையில்லாமல் எழுதுவாள் என்று அண்ணாச்சி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் எழுத்து அச்சில் வருவது அதுவே முதல் முறை.

சித்தி குடும்பம் களக்காட்டில் வாழை போட்டிருக்கிறது. அவர்கள் மகள் கணிதம் படிப்பதற்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேஜை. என்னைவிட இளையவள். கணித வரிகளில் தவறு நேர்ந்துவிடக் கூடாதென்று அவளைத் துணைக்கு அழைத்தது நானே. இப்போதும் அந்த 'நானே'யை அழுத்தித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு நூல்களிலாவது ஒத்துப்போகாத நாளை எடுத்துக்கொள்வதில்லை. அப்படிச் சரிபார்க்கத் தொடங்கிய பிறகுதான், நாட்கள் எவ்வளவு நிலையற்றவை என்று தெரிந்தது. ஒரு விஞ்ஞானிக்கு இரண்டு பிறந்தநாட்கள்: அவர் பிறந்தபோது அவருடைய நாட்டில் வழங்கிய பழைய நாட்காட்டியின்படி ஒன்று, பின்னால் வந்த நாட்காட்டியின்படி இன்னொன்று. மார்ச் பதினான்கைப் பை தினம் என்று கொண்டாடுகிறார்கள். மாதத்தை முதலில் எழுதுகிற நாட்டில்தான் அது மூன்று புள்ளி ஒன்று நான்கு. நாளை முதலில் எழுதுகிற நமக்குப் பொருத்தமானது ஜூலை இருபத்திரண்டு: இருபத்திரண்டின் கீழ் ஏழு, பள்ளியில் நாம் பைக்குப் போட்ட மதிப்பு. இந்த வரியை எழுதி முடித்த மாலையில் எனக்கு அப்படியொரு நிறைவு. அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு, "சரி" என்றார்.

எதுவுமே உறுதிப்படாத தேதிகளை வெறுமையாக விட்டிருந்தேன். தாளில் இடம் சும்மா கிடந்தால் அச்சு விட்டுப்போயிற்று என்று ஊரார் நினைப்பார்கள் என அண்ணாச்சி குறைப்பட்டார். நான் ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போயிருந்த நாட்களில் சித்தி மகள் அந்த இடங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்து அச்சகத்துக்குப் போனபோது, அண்ணாச்சி கணினியில் எழுத்துக் கோக்கிற பெண்ணுக்கு அவற்றை உரக்க வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

'அரிசி களைந்த பாத்திரத்துத் தண்ணீரில் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போவதைப் பார்த்து, அலைகள் மோதி உடைவதில்லை என்று ஒரு பெண் கண்டுகொண்ட நாள்.'

'பகா எண்களுக்கு முடிவில்லை என்று உணர்ந்த ஒருவர், அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் உறங்கப் போன நாள்.'

எந்த நூலில் எடுத்தாய் என்று அன்று மாலை அவளைக் கேட்டேன். எந்த நூலிலும் இல்லை என்றாள்.

"யாரோ ஒருத்தர் மொதல்ல கவனிச்சிருக்கணும்லாக்கா? அப்ப அப்படி ஒரு நாள் இருக்கு. எதுன்னுதான் தெரியாது. எங்க கணக்குப் பாடத்துல பாதி இப்படித்தான், ஒண்ணு இருக்குன்னு மட்டும் நிரூபிப்போம்."

கதை எழுத வேண்டும் என்பதற்காகவே இலக்கியம் எடுத்தவள் நான். என் கதைகளில் தேதி சரியாக இருக்கும், பேருந்தின் வழித்தடம் சரியாக இருக்கும், மழை பெய்தால் அது பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யும். வேறெதுவும் நடக்காது. இவள் எண்களோடு உட்கார்ந்திருந்து, காப்பி ஆறுவதற்குள் ஒரு பெண்ணையும் அவள் கையிலிருந்த பாத்திரத்தையும் உண்டாக்கிவிட்டாள்.

கற்பனையானவற்றை அடையாளம் காட்டாமல் அச்சிடுவது முறையல்ல என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அது நேர்மையான வாதம்தான். அடையாளமிட்டால் அவற்றின் மதிப்புக் குறையும் என்ற நினைப்பும் அதோடு இருந்தது. அண்ணாச்சி ஒப்புக்கொண்டு, கற்பனை நாட்களுக்கு முன்னால் ஒரு சிறிய நட்சத்திரம் போட்டு, முதல் தாளில் விளக்கமும் கொடுத்தார்.

ஜனவரியில் காலண்டர் சுவருக்கு வந்தது. மற்றத் தாள்களைக் கிழித்துக் குப்பையில் போடுகிறவர்கள் நட்சத்திரத் தாள்களை எடுத்துவைத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தாள். அம்மா காலையில் தாளைக் கிழித்ததும் அடிவரியைத்தான் பார்ப்பாள்.

"இன்னைக்கு நட்சத்திரம் இல்ல. உன் வரிதான்ட்டி."

அம்மா அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தினமும் கேட்க வேண்டியிருந்ததுதான் கஷ்டம்.

அடுத்த ஆண்டுக் காலண்டருக்கு நட்சத்திரங்கள் கூடுதலாக வேண்டும் என்று டியூஷன் சென்டரில் கேட்டார்கள். அண்ணாச்சி எங்கள் இருவரையும் உட்காரவைத்து வேலையைப் பிரித்தார். நிஜ நாட்கள் எனக்கு, கற்பனை நாட்கள் அவளுக்கு. இலக்கிய மாணவிக்கு உண்மை, கணித மாணவிக்குக் கற்பனை. அந்த அறையில் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. சித்தி மகள் கிளம்பி வெளியே போனதும் நான் கேட்டேன்.

"ஒரே ஒரு தாள் எனக்குக் கொடுங்க அண்ணாச்சி. நட்சத்திரத்தோட."

"உனக்கு எதுக்கும்மா அது? உன் வரியில ஒருத்தன் ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

ஆனாலும் கொடுத்தார்.

மேஜையில் உட்கார்ந்து எழுதியவை எல்லாம் அவளுடைய வரிகளின் நகல்களாகவே வந்தன. பாத்திரத்துக்குப் பதில் குடம், வட்டத்துக்குப் பதில் நிழல். கிழித்துப் போட்டேன். ஒரு நாள் வகுப்பு இல்லாத பிற்பகலில் ஆற்றங்கரையிலுள்ள குறுக்குத்துறைக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. படித்துறை மண்டபத்தின் தூண்களில் பழைய வெள்ளத்தின் மண்கறை ஒரே மட்டத்தில் படிந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடித்தல் திருத்தலின்றி எழுதினேன்.

'வெள்ளம் வடிந்த பின், மண்டபத் தூணில் ஈரம் நின்ற இடத்தில் ஒருத்தி கல்லால் கோடு கீறிய நாள். மறு ஆண்டு அவள் திரும்பி வந்து அந்தக் கோட்டைத் தேடிய நாளும் இதுவே.'

பிழை பார்க்கப் புரூஃப் வந்த அன்று, அச்சகத்தில் என் தாளைத்தான் முதலில் புரட்டினேன். வரி இருந்தது. நட்சத்திரம் இல்லை.

விட்டுப்போயிற்று என்று சொன்னேன். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"விட்டுப்போவல, நான்தான் எடுக்கச் சொன்னேன். இது நெசம்லா? குறுக்குத்துறையில அந்தக் கோட்ட நான் பாத்துருக்கேனே. எந்தத் தூணுன்னுகூடச் சொல்லுதேன்."

தூணில் இருப்பது மண்கறை மட்டும்தான், கோடு எதுவும் கிடையாது, அந்தப் பெண்ணும் கிடையாது என்றேன். அவருக்குச் சற்று ஏமாற்றம். ஒரு நட்சத்திரத்தைச் சேர்க்கும்படி கணினிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் அந்த வரிக்கே வந்தார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும். சித்தி மகளின் நாட்களை அவர் ரசித்திருக்கிறார். என்னுடைய நாளை அவர் பார்த்தே இருக்கிறார். பேருந்தில் ஏறியதும் அதை மெதுவாக நினைத்துப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் சித்தி மகள் கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். மேஜைமேல் கிடந்த தாளை எடுத்து நின்றபடியே வாசித்தாள். இன்னொரு முறையும் வாசித்தாள். முகம் சிறிது மாறிற்று. அந்த மாற்றம் எனக்குத் தெரியும், அதை உள்ளேயிருந்து தெரியும். அவள் வாய் திறக்காமல் தாளை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"யக்கா, இத நான் எழுதியிருக்கணும்," என்றாள். "பொறாமையா இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் தோளில் கையை ஊன்றி, கணினிப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஓராண்டுக்கும் மேலாக ஒரே அறையில், ஒரே மேஜையில் அவளெதிரே உட்கார்ந்து நான் விழுங்கிக்கொண்டிருந்த சொல் அது. அவளுக்கு அது தண்ணீர் குடிப்பதற்கு முன் சொல்லிவிடக் கூடியதாக இருந்தது.

பேருந்தில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்ணார்பேட்டையில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை 'பொறாமையா இருக்கு' என்று அவள் சொன்னதை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்னதுபோல எனக்கு வரவில்லை. அண்ணாச்சி பார்த்ததாகச் சொன்ன தூணும் கோடும் அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தன.