முன் சீட்

போன ஞாயிற்றுக்கிழமை என் கை என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டது. அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. யாரிடம் சொல்வது? உங்களிடம்தானே...

அப்பா வைத்திருந்த பழைய பிக்கப் வண்டியைப் பற்றி முன்பு எழுதியது நினைவிருக்கலாம். இங்கிலாந்தில் செய்த குட்டி வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. பழங்காநத்தத்து மெக்கானிக் ஒருவர் இரண்டு வருடம் மல்லுக்கட்டி, பச்சை பெயின்ட்டும் பளபள பம்பருமாகப் புதுப்பித்துக் கொடுத்தார். நிறுத்த இடமில்லை என்று மனைவி கெடு வைத்ததால், நெட்டில் விளம்பரம் போட்டேன்.

வந்த போன்கள் இருக்கின்றனவே! ஒருவர் கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்குக் கேட்டார். இன்னொருவர் பிரியாணிக் கடையாக மாற்ற முடியுமா என்றார். எல்லோரும் மைலேஜ் கேட்டார்கள். திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முருகேசன் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டார்: "முன் சீட்டுல வயசானவங்க வசதியா உக்காரலாமாண்ணே?"

இது என்ன கேள்வி என்று நினைத்தாலும், தாராளமாக உட்காரலாம் என்றேன்.

ஞாயிறு காலை தன் அம்மாவோடு காரில் வந்து இறங்கினார். அந்த அம்மாவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. காளியம்மா! வாடிப்பட்டியில் எங்கள் வயலில் நடவு நட்டவர். விளம்பரத்தில் நம்பர் பிளேட்டைப் பார்த்தே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டாராம். பத்து வயதில் நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை 'சின்னய்யா' என்பார். அன்றைய வழக்கம் அது — வழக்கம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், பாருங்கள்.

"நல்லா இருக்கியா தம்பி?" என்றார் இப்போது.

வண்டியைச் சுற்றி வந்து, பெயின்ட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு ரவுண்டு போய் வரலாம் என்றார் முருகேசன். நான் உற்சாகமாகப் பின்பக்கம் ஓடினேன். சங்கிலியைக் கழற்றிப் பலகையை இறக்கினேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையை நீட்டி, "மெதுவா ஏறுங்கம்மா" என்றேன்.

இருவரும் அசையவில்லை. முருகேசன் முகம் இறுகிவிட்டது. அப்போதுதான் நீட்டிய என் கையை நானே பார்த்தேன். யார் சொல்லி இது நீண்டது? சமத்துவம் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்!

"பின்னால எம்புட்டோ நாள் ஏறியாச்சு தம்பி," என்றார் காளியம்மா, கோபமே இல்லாமல். "ஒங்க நாயி உக்காந்து வரும்ல, அந்த எடத்துல ஒரு தடவ உக்காரணும்னுதான் வந்தேன்."

உண்மைதான். அப்பா ஓட்டுவார். பக்கத்து சீட்டில் எங்கள் நாய் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு வரும். வேலையாட்கள் பின்னால், உர மூட்டைகளோடு. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது உறுத்தியதா? இல்லை. அதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

முன்பக்கம் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறி உட்கார்ந்தார். முருகேசன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்தக் கிளட்ச்சுக்கு ஒரு பக்குவம் உண்டு; சொல்லிக்கொடுக்க நானும் போயாக வேண்டும். முன்னால் இடமில்லை. பின்னால் ஏறினேன்.

நம் ரோட்டில் இத்தனை பள்ளமா! பலகையைப் பிடித்தபடி, கிளட்ச் பக்குவத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டே, முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். காளியம்மா ஜன்னலில் முழங்கையை வைத்து, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சொன்னாலும் நியாயம்தான்.

திரும்பி வந்ததும் முருகேசன் அம்மாவைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். வண்டி அவர்களுடையது என்று ஆகிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, காளியம்மா கேட்டார்.

"ரொம்பத் தூக்கிப் போட்டுச்சா தம்பி?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவர்கூட, ஒரு நாள்கூட, அவரிடம் கேட்டதில்லை.